கைப்பட்டை காட்டும் கணக்கு

மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் நடந்த அடிகளை எண்ணிச் சொல்லும் சிறு கருவி, இன்று தில்லி மெட்ரோ வண்டியிலும் மும்பை மின்சார வண்டியிலும் முதியோர் இளையோர் எல்லோர் கையிலும் காணப்படுகிறது. வெளி மாநிலத்தில் வாழும் நம்மவர் ஊரிலுள்ள பெற்றோருக்கு வாங்கி அனுப்பும் பொருள்களுள் அதுவும் ஒன்றாகிவிட்டது. தாயார் இன்று எத்தனை அடி நடந்தார் என்பதை மகன் தன் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அத்தாயார் முடக்குவாத நோயுற்றவராயின், "ஆயிரம் அடிதானா, அம்மா?" என்று கடிந்துகொள்ளுமுன், அந்த ஆயிரம் எவ்வாறு வந்தது என்று அறிந்துகொள்வது நன்று.

முடக்குவாதம், வயது முதிர்வால் மூட்டு தேய்ந்து வரும் வலி அன்று. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே இலக்கு மாறி, மூட்டின் உட்புறத்து மெல்லிய சவ்வைத் தாக்குவதால் விளைவது. கைவிரல்களும் மணிக்கட்டும் பாதத்துச் சிறு மூட்டுகளும் பெரும்பாலும் இருபுறமும் ஒருசேர வீங்கும். காலையில் எழுந்ததும் மூட்டுகள் இறுகிக் கிடக்கும். இறுக்கம் விட ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகலாம். ஆடவரைவிடப் பெண்டிரையே இது இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுகிறது. இந்நோய்க்குப் படுக்கையே மருந்து என்று ஒரு காலத்தில் கருதினர். இன்று அக்கருத்து மாறிவிட்டது. வாதநோய்க்கு எதிரான ஐரோப்பியக் கழகம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரைகள், உடலுழைப்பைச் சிகிச்சையின் ஓர் அங்கமாகவே கொள்கின்றன. சிகிச்சை என்று ஆனபின் அளவு வேண்டும். அளவுகோலும் சரியாயிருக்க வேண்டுமன்றோ?

கைப்பட்டை காலைப் பார்ப்பதில்லை. அதனுள்ளே முடுக்கமானி என்னும் நுண்கருவி இருக்கிறது. சிலிக்கனில் செதுக்கிய மிகச் சிறிய எடை ஒன்று அதில் வில்போல் வளையும் இழைகளில் தொங்குகிறது. கை அசையும்போது அவ்வெடை சற்றே பின்தங்கும். அந்த விலகலை மின்னளவாக மாற்றி, சீராக வரும் ஏற்ற இறக்கத்தை 'அடி' என்று கொள்கிறது. குறிப்பிட்ட வலுவுக்குக் குறைந்த அசைவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பல கருவிகள், தொடர்ந்து சில அடிகள் விழுந்த பிறகே எண்ணத் தொடங்கும்.

முடக்குவாத நோயாளியின் நடையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதம் நோவதால் அடி குறுகும், வேகம் தளரும், குதிகாலை அழுத்தி ஊன்றாமல் பாதத்தை இழுத்து வைப்பதும் உண்டு. மெதுவான நடையில் இக்கருவிகள் குறைத்து எண்ணுகின்றன என்பது நலமுள்ளோரிடத்தும் கண்ட உண்மை. கைத்தடி ஊன்றியவர்க்கும், சுவரைப் பற்றி நடப்பவர்க்கும், தள்ளுவண்டியைப் பிடித்துச் செல்பவர்க்கும் கை வீசப்படுவதே இல்லை; ஆதலின் கணக்கு மேலும் குறைகிறது. அடுப்பங்கரையிலிருந்து கூடத்துக்கு நான்கடி, கூடத்திலிருந்து முற்றத்துக்கு ஐந்தடி என்று நாள் முழுதும் நடக்கும் இல்லத்தரசியின் உழைப்பில் ஒரு பங்கு ஏட்டில் ஏறாமலே போய்விடும். சப்பாத்தி மாவு பிசைந்தாலோ, சில வேளைகளில், உட்கார்ந்த இடத்திலேயே அடிகள் ஏறிவிடும்! நடந்தது மறைந்து நடவாதது பதிவாகும் இந்த விந்தையை வேடிக்கை என்று விட்டுவிடலாம்; நோயாளியை மருத்துவரோ குடும்பத்தாரோ சோம்பேறி என்று கருத அது காரணமாகாதவரையில்.

செலவழிந்த கலோரி என்று காட்டும் எண் இதனினும் நலிந்தது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 60 பேரிடம் 7 வகைக் கைப்பட்டைகளைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டனர். இதயத் துடிப்பை 7இல் 6 கருவிகள் நூற்றுக்கு 5க்கு உட்பட்ட பிழையோடு காட்டின. கலோரிக் கணக்கிலோ, மிகச் சிறந்த கருவியே சராசரியாக நூற்றுக்கு 27 பிழைத்தது; கடையானது 93 பிழைத்தது. நலமுள்ளோரிடத்தே இந்நிலை. முடக்குவாதத்தில் தசை குறைந்தும், அழற்சி மிக்க காலத்தில் ஓய்விலிருக்கும் உடலே கூடுதல் ஆற்றலைச் செலவிட்டும் வருதலின், நலமுள்ளோரை வைத்து வகுத்த வாய்பாடு இவர்க்குப் பொருந்தும் என்று கொள்வதற்கில்லை.

அப்படியாயின் கருவியைக் கழற்றி எறிந்துவிடலாமா? வேண்டுவதில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சொல் தடையாக நிற்கிறது. 'துல்லியம்' என்னும் ஒரே சொல்லால் இரண்டு பொருள்களை நாம் குறித்துவிடுகிறோம். உண்மையளவைக் காட்டுவது ஒன்று. ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகக் காட்டுவது மற்றொன்று. எப்போதும் பத்து நிமிடம் பிந்தியே ஓடும் கடிகாரம் உண்மை மணியைக் காட்டாது. எனினும், அதன் குறையை அறிந்த வீட்டார் ரயிலைத் தவறவிடுவதில்லை.

முடக்குவாதத்தார்க்குக் கைப்பட்டையால் பயன் உண்டாயின், அது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையிலேயே. 2019இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், முடக்குவாதம் உடையோர் 82 பேரும் முதுகெலும்பு மூட்டழற்சி உடையோர் 73 பேரும் மூன்று மாதம் இத்தகைய கருவியை அணிந்தனர். நோய் சீறியெழுந்த வாரங்களை அவர்களே குறித்துவந்தனர். ஒவ்வொருவருடைய நடையின் ஏற்றத்தாழ்வைக் கணினி கொண்டு ஆராய்ந்தபோது, அத்தகைய வாரங்களுள் நூற்றுக்கு 96ஐ அடிக்கணக்கிலிருந்தே கண்டறிய முடிந்தது. 155 பேர் பெருந்தொகை அன்று. எனினும் குறிப்புத் தெளிவானது. அயலார் எண்ணோடு ஒப்பிடாமல், அவரவர் சென்ற வாரத்து எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

நாளொன்றுக்குப் பதினாயிரம் அடி என்னும் இலக்கைப் பற்றியும் ஒரு சொல். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைமானி ஒன்றின் பெயரே 'பதினாயிர அடி மானி' என்பது. அவ்வெண் அப்பெயரோடு பரவியதேயன்றி, நோயாளிகளைச் சோதித்து வகுத்த மருந்தளவு அன்று.

கருவியின் குறையை வீட்டிலேயே அளந்துகொள்ளலாம். வழக்கமான செருப்போடும் கைத்தடியோடும், வாயால் 100 அடி எண்ணி நடந்து, கருவி எத்தனை காட்டுகிறதென்று பாருங்கள். மூட்டு இறுகிய காலையில் ஒரு முறையும், தளர்ந்த மாலையில் ஒரு முறையும் செய்யவேண்டும். மணிக்கட்டு வீங்கியிருக்கும்போது பட்டையை இறுக்கிக் கட்டலாகாது. கருவி இடங்கொடுத்தால் கணுக்காலில் கட்டலாம். மெல்ல நடப்பவர்க்கு அவ்விடமே பெரும்பாலும் ஏற்றது. ஒருமுறை தேர்ந்த இடத்தை மாற்றாதிருப்பது முக்கியம். மாற்றினால் பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒப்பிடத் தக்கன அல்ல.

மருத்துவரைக் காணச் செல்லும்போது, தேதி, அடிகள், காலை இறுக்கம் நீடித்த நிமிடங்கள் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லலாம். இந்தியும் மராத்தியும் வங்காளமும் சரளமாகப் பேசவராத நம் முதியோர், வலியை விளக்கச் சொல் தேடி இடர்ப்படுவதை நாம் கண்டிருக்கிறோம். எண்கள் எழுதிய அத்தாளை எந்த ஊர் மருத்துவரும் படித்துக்கொள்வார்.