பசுவின் பல்லும் பசியும்



பசுவின் மேல்தாடையில் முன்பற்கள் எத்தனை? நாள்தோறும் மாட்டைக் காண்பவர்களுள்ளும் பலர் இதற்கு விடை கூறத் தயங்குவர். ஒன்றுமே இல்லை என்பதே விடை. அவை முதுமையால் விழுந்தவையல்ல. இயற்கை அங்கே பல்லையே வைக்கவில்லை. தடித்து இறுகிய ஈறுதான் உண்டு. கீழ்த்தாடையில் முன்பற்கள் 8. இரு தாடைகளிலும் சேர்த்துக் கடைவாய்ப் பற்கள் 24. ஆக 32. மனிதருக்கும் 32 பற்களே. எண்ணிக்கை ஒன்று, அமைப்பு வேறு.

பசு தன் நீண்ட, சொரசொரப்பான நாவினால் புல்லை வளைத்து இழுத்து, கீழ்ப்பற்களுக்கும் மேல் ஈறுக்கும் இடையே பற்றி அறுக்கிறது.

கன்றின் கீழ்த்தாடையில் உள்ள எட்டு முன்பற்களும் பாற்பற்கள். ஏறத்தாழ இரண்டு வயதில் நடுவிலுள்ள இரண்டும் விழுந்து, அகன்ற நிலைப்பற்கள் முளைக்கும். பின்னர் இணை இணையாக மற்றவையும் மாறும். சித்திரைத் திங்களில் கூடும் கண்ணபுரம் சந்தையில் காளையின் உதட்டை விலக்கிப் பார்க்கும் உழவர், 'இரண்டு பல்', 'நான்கு பல்', 'ஆறு பல்' என்று வயதைக் கணிப்பர். எட்டும் நிறைந்தால் 'கடை சேர்ந்தது' என்பர். மாட்டிற்கு அதன் பல்லே பிறப்புச் சான்று.

மேயும்பொழுது மாடு நன்கு மெல்லுவதில்லை. விரைந்து விழுங்கி, இரைப்பையின் பெரிய முதல் அறையில் நிரப்பிக்கொள்கிறது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் நாரைச் சிதைக்கின்றன. பின்னர் நிழலில் படுத்து, உண்டதைக் கவளம் கவளமாக வாய்க்குக் கொணர்ந்து, தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அரைக்கிறது. இதுவே அசைபோடுதல். நாளொன்றில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் இவ்வாறு கழியும்.

முதலில் விழுங்கிப் பின்னர் மெல்லும் இவ்வியல்பிலேயே ஓர் இடரும் உண்டு. தீவனத்தோடு ஆணியோ கம்பித்துண்டோ கலந்திருப்பின், மாடு அதையும் விழுங்கிவிடும். தேனடை போன்ற இரண்டாம் அறையில் அது தங்கும். அவ்வறைக்கு மிக அருகில் இருப்பது இதயம். அறைச்சுவரைத் துளைத்துச் செல்லும் கம்பி, இதயத்தையும் குத்தி உயிரை மாய்ப்பதுண்டு.

நெகிழிப்பையின் தீமையும் குறைந்ததன்று. அதை நுண்ணுயிர்களாலும் சிதைக்க இயலாது. பைகள் வயிற்றில் பந்தாகத் திரண்டு இடத்தை அடைத்துக்கொள்ள, மாடு தீனியைக் குறைத்து மெலியும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப்பைகளைத் தமிழக அரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடைசெய்தது. ஆயினும் சட்டம் மட்டும் மாட்டைக் காவாது.

பழத்தோலையும் எஞ்சிய சோற்றையும் பையில் கட்டி எறிகிறோம். முடிச்சை அவிழ்க்கப் பசுவிற்குக் கையில்லை. மணத்தை நாடி வந்து, பையோடு விழுங்கும். ஆதலின் மாணவர்களே, எஞ்சிய உணவைப் பையில் கட்டாது, தனியே இடுங்கள். ஆணியையும் கம்பியையும் குப்பையில் கலவாது ஒதுக்குங்கள். ஆராய்ந்து உண்ண அறியாத உயிருக்காக ஆராய வேண்டியவர் நாமே.