கோரேகானுக்கு கட்டுக்கதை தேவையில்லை
(முசிறியில் ஜனவரி 1 அன்று நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று காலையிலிருந்து உங்கள் எல்லோருடைய கைபேசிக்கும் ஒரு படம் வந்திருக்கும். ‘500 மகர்கள் 28,000 பேஷ்வா படையினரை வீழ்த்திய நாள்’ என்று அதில் எழுதியிருக்கும். அதை அனுப்பியவர்களின் உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த வரலாறு நமக்கு முக்கியம் என்றால் அதைச் சரியாகச் சொல்ல வேண்டியதும் நம் பொறுப்பு. எதிரி ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு முழு வரலாற்றையும் பொய் என்று சொல்லிவிட நாம் இடம் தரக்கூடாது.

நடந்தது இதுதான். 1817 டிசம்பர் 31 இரவு, கேப்டன் ஸ்டான்டன் தலைமையில் கம்பெனிப் படை ஒன்று சிரூரிலிருந்து பூனாவை நோக்கிப் புறப்பட்டது. பம்பாய் காலாட்படையின் முதல் ரெஜிமென்ட், இரண்டாம் பட்டாலியனைச் சேர்ந்த சுமார் 500 பேர், குதிரை வீரர்கள் சுமார் 300 பேர், இரண்டு பீரங்கிகள். அந்த பீரங்கிகளை இயக்கியவர்கள் மெட்ராஸ் பீரங்கிப் படையினர். இரவு முழுக்க ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நடந்து, 1818 ஜனவரி 1 காலை பீமா நதிக்கரைக்கு வந்தபோது எதிரே பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் பெரும்படை நின்றது. அதன் மொத்த பலம் சுமார் 28,000 என்பார்கள். ஆனால் கோரேகான் ஊருக்குள் புகுந்து தாக்கியவர்கள் அதில் சுமார் 2,000 பேர். தூங்காமல் நடந்து வந்தவர்கள், சோறு தண்ணீர் இல்லாமல், பகல் முழுக்கத் தெருத்தெருவாகச் சண்டையிட்டார்கள். பீரங்கிப் படை அதிகாரி சிஷோமின் தலை வெட்டப்பட்டது. பறிபோன பீரங்கியைப் பாய்ந்து மீட்டார்கள். இரவானதும் பேஷ்வாவின் படை விலகியது. கம்பெனிப் படையில் சுமார் 275 பேர் இறந்தோ, காயமடைந்தோ, காணாமலோ போயிருந்தார்கள்.

அந்த பட்டாலியனில் இருந்தவர்கள் எல்லோரும் மகர்கள் அல்ல. மராத்தியர், ராஜபுத்திரர், முஸ்லிம், யூதர் என்று பலரும் இருந்தார்கள். நினைவுத் தூணில் செதுக்கப்பட்ட, உயிர்நீத்த 49 பேரின் பெயர்களில் 22 பெயர்கள் ‘நாக்’ என்று முடிகின்றன. அது மகர் பெயர்களின் அடையாளம். ஊருக்குள் பெயர் சொல்லி அழைக்கப்படாத மக்களின் பெயரை, மற்ற சாதிப் பெயர்களோடு ஒரே கல்லில் வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். பூனாவில் தீண்டப்படாதவர்கள் இடுப்பில் துடைப்பமும் கழுத்தில் கலயமும் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ நூலில் எழுதுகிறார். அந்த பூனாவுக்குப் பக்கத்தில் அந்தக் கல் நிற்கிறது. 22 என்ற எண்ணே போதும், தோழர்களே. 500 தேவையில்லை.

‘வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர்களைக் கொண்டாடலாமா, அது துரோகமில்லையா?’ என்று கேட்பார்கள். கம்பெனிப் படையில் சேர்ந்தவர்கள் கட்டாயமாக இழுத்துவரப்பட்டவர்கள் அல்ல. தாமாகப் போய்ச் சேர்ந்தவர்கள். ஏன் போனார்கள்? மாதச் சம்பளம், உடுப்பு, கையில் துப்பாக்கி. இதில் எதையும் ஊர் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் பேஷ்வாவுக்காகக் கடுமையாகப் போரிட்ட அரபு வீரர்களும் கூலிக்கு வந்தவர்கள்தான். அவர்களை யாரும் துரோகி என்பதில்லை. ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவர்கள், தேசத்துக்கு விசுவாசமாக இருந்தாயா என்று நம்மிடம் கணக்குக் கேட்கிறார்கள்!

அதற்காகக் கம்பெனி நம்மை விடுவிக்க வந்தது என்றும் சொல்ல வேண்டாம். தோற்ற பாஜிராவுக்குக் கம்பெனி கொடுத்த ஓய்வூதியம் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். வென்றவர்களின் வாரிசுகளுக்குக் கிடைத்தது என்ன? ‘போர்க்குடி’ என்று ஒரு கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டு 1892இல் மகர்களைப் படையில் சேர்ப்பதையே நிறுத்தினார்கள். முன்னாள் சிப்பாய் கோபால் பாபா வலங்கர் 1894இல் அதை எதிர்த்து மனு எழுதினார். அதே கோட்பாடு மெட்ராஸ் படையையும் விடவில்லை. சாப்பர்ஸ் படையில் பறையர்கள் கணிசமாக இருந்த மாகாணம் இது. இங்கேயும் காலாட்படையைச் சுருக்கினார்கள்.

சுபேதாரின் மகனான அம்பேத்கர் 1927 ஜனவரி 1 அன்று கோரேகான் தூணின் முன் வந்து நின்றார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில், ஆங்கிலேயர் வருவதற்கு முன்பு எங்களுக்குக் கிணறு இல்லை, கோயில் இல்லை, ராணுவ வேலை இல்லை, இப்போது மட்டும் இருக்கிறதா என்று ஆட்சியாளர்களின் முகத்துக்கு நேரே கேட்டார். அந்த மாநாட்டில் அவரோடு இருந்தவர் நம் இரட்டைமலை சீனிவாசன். துரோகி பேசும் பேச்சா இது? கோரேகானை நினைவுகூர்ந்தவர்தான் ஆங்கிலேயரிடமும் கணக்குக் கேட்டார். 1941இல் மகர் ரெஜிமென்ட் உருவானபோது அதன் சின்னத்தில் அந்தத் தூண் இருந்தது.

மகாராஷ்டிரத்துக் கதை முசிறிக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2018 ஜனவரி 1 அன்று, 200ஆம் ஆண்டு நினைவுக்கு வந்த மக்கள் தாக்கப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து போடப்பட்ட வழக்கில் 16 பேர் கைதானார்கள். அவர்களில் மூத்தவர் ஸ்டேன் சுவாமி, நம் திருச்சி மாவட்டத்து விரகாலூரில் பிறந்தவர். ஜார்கண்டில் பழங்குடிகளுக்காக வாழ்ந்தவர். பீமா கோரேகானுக்குத் தான் போனதே இல்லை என்று சொன்னவர். நடுக்குவாத நோயால் டம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சிக் குடிக்கும் குவளைக்காக நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், பிணை கிடைக்காமலே இறந்தார்.

200 ஆண்டுக்கு முந்தைய ஒரு நாள் சண்டையை நினைப்பது இன்றைக்கும் இவ்வளவு பேரை அச்சுறுத்துகிறது என்றால், அந்தத் தூண் ஏதோ உண்மையைச் சொல்கிறது என்றுதான் பொருள். அதனால்தான் மிகைப்படுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு அந்தப் படத்தை அனுப்புவதாக இருந்தால் ‘500 பேர் 28,000 பேரை’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். 49 பெயர்கள், அதில் 22 நம் பெயர்கள் என்று எழுதுங்கள். யாராலும் மறுக்க முடியாது, அது கல்லில் இருக்கிறது.