முன்னுரையில் பேசுவது யார்?

1526ஆம் ஆண்டு வாக்கில் லண்டனில் ஒரு சிறிய நூல் அச்சேறியது. கிறித்தவர்கள் நாள்தோறும் சொல்லும் பரமண்டல செபத்துக்கு எராஸ்மஸ் என்ற பேரறிஞர் லத்தீனில் எழுதிய விளக்கத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு அது. மொழிபெயர்த்தவர் மார்கரெட் ரோப்பர், ஆங்கிலேய அறிஞர் சர் தாமஸ் மோரின் மகள். ஆனால் முகப்புப் பக்கத்தில் அவர் பெயர் இல்லை. நற்குணமும் நல்ல கல்வியும் உடைய 19 வயதுப் பெண் என்பதோடு அறிமுகம் முடிந்துவிடுகிறது. பக்கத்தைப் புரட்டினால் ரிச்சர்ட் ஹைர்ட் என்பவர் எழுதிய முன்னுரை. பெண்கள் படிப்பதால் கேடு வராது என்று அவர் அதில் வாதாடுகிறார். அதற்குப் பிறகுதான் மார்கரெட்டின் எழுத்து தொடங்குகிறது.

இந்தப் பழைய நூலைக் கணினியில் ஏற்றும் வேலையை ஒரு கல்லூரி மாணவியிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் பெயர் என்ற இடத்தில் அவர் எதை எழுதுவார்? அச்சில் இல்லாத பெயரை எழுதலாமா? முன்னுரையில் உள்ள சொற்கள் யாருடைய கணக்கில் சேரும்? பெண் எழுத்தைத் தேடி வரும் ஆய்வாளருக்கு ஓர் ஆணின் முன்னுரையைப் பெண்ணின் எழுத்தாகக் காட்டிவிடக் கூடாது அல்லவா? இதுபோன்ற கேள்விகளோடு மாணவர்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டிவரும் ஒரு பணியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிரௌன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே 1980களின் பிற்பகுதியில் ‘விமன் ரைட்டர்ஸ் புராஜெக்ட்’ என்ற திட்டம் தொடங்கியது. தொடக்ககால ஆங்கிலப் பெண் எழுத்தாளர்களின் நூல்களைத் தேடி எடுத்துக் கணினியில் ஏற்றுவது அதன் நோக்கம். அன்றைக்குப் பெண் எழுத்தைப் பாடமாக வைக்க விரும்பிய ஆசிரியர்களுக்கு ஆர்வத்தில் குறைவில்லை, நூல்தான் கிடைக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டுப் பெண் ஒருவரின் நூல் உலகத்தில் ஒன்றிரண்டு நூலகங்களின் அரிய நூல் அறையிலோ, மைக்ரோஃபிலிம் சுருளிலோதான் இருக்கும். அதை முப்பது மாணவர்களுக்கு வகுப்பில் எப்படிக் கொடுப்பது? அதனால் இத்திட்டத்தார் முதலில் நூல்களைத் தட்டச்சு செய்து, தாளில் அச்சிட்டு, கேட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். 1999இல் தொகுப்பை இணையத்தில் ஏற்றினார்கள். 2013இல் திட்டம் பாஸ்டன் நகரின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது. இன்று அப்பல்கலைக்கழக நூலகத்தோடு சேர்ந்து இயங்குகிறது. 1526 முதல் 1850 வரையிலான 400க்கும் மேற்பட்ட நூல்கள் அதில் இருக்கின்றன. சந்தா கட்டிப் படிக்க வேண்டிய தொகுப்பு என்றாலும், மகளிர் வரலாற்று மாதமான மார்ச்சில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடுகிறார்கள்.

இந்த நூல்களை எழுத்தெழுத்தாகக் கணினியில் ஏற்றியவர்களில் மிகப் பெரும்பாலோர் மாணவர்கள். இளநிலை படிப்பவர்களும் முனைவர் பட்டத்துக்கு உழைப்பவர்களும் அருகருகே உட்கார்ந்து செய்த வேலை இது.

ஸ்கேன் செய்து போட்டால் போதாதா, எதற்கு இவ்வளவு பாடு என்று நீங்கள் கேட்கலாம். ஸ்கேன் செய்தால் பக்கத்தின் படம் கிடைக்கும். படத்தைக் கண்ணால் படிக்கலாம்; அதற்குள் ஒரு சொல்லைத் தேட முடியாது. படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் உண்டு என்றாலும், பழைய அச்சின் முன்னால் அது தடுமாறுகிறது. அந்தக் கால ஆங்கில அச்சில், சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் ‘எஸ்’ நீண்ட வடிவில் இருக்கும். பார்த்தால் ‘எஃப்’ போலவே தெரியும். ஆகவே ‘சேம்’ என்ற சொல்லை மென்பொருள் ‘ஃபேம்’ என்று படிக்கும். இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் பிழை என்றும் அதற்குத் தெரியாது. ‘யு’ வர வேண்டிய இடத்தில் ‘வி’ இருக்கும், ‘வி’ வர வேண்டிய இடத்தில் ‘யு’ இருக்கும். மை ஊறிப் பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் தெரியும்.

அதனால் மாணவர்கள் மூலப் பக்கத்தின் பிரதியைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்கிறார்கள். பழைய எழுத்துக்கூட்டலை இன்றைய முறைக்கு மாற்றுவதில்லை. அச்சுக்கோத்தவர் செய்த பிழை கண்ணில் பட்டால், பிழையை அப்படியே வைத்துத் திருத்தத்தைப் பக்கத்தில் தனியே பதிவு செய்கிறார்கள். ஒருவர் செய்ததை இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்க்கிறார். அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலை. வேகம் காட்டினால் கல் தங்கிவிடும்.

தட்டச்சு முடிந்ததும் குறியிடும் வேலை வருகிறது. இதற்கென்று ஒரு பொது முறை இருக்கிறது. 1987இல் நியூயார்க் மாநிலத்தின் வாசர் கல்லூரியில் அறிஞர்கள் கூடிப் பேசியதிலிருந்து பிறந்தது. ‘டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ்’ என்று பெயர், சுருக்கமாக டிஇஐ என்பார்கள். இங்கே முன்னுரை தொடங்குகிறது, இங்கே முடிகிறது. இது ஓர் ஆளின் பெயர், இது ஊரின் பெயர். இது கவிதையின் ஓர் அடி. இது விவிலியத்திலிருந்து எடுத்தது. இந்த அடிக்குறிப்பை எழுதியவர் ஆசிரியரல்லர், பதிப்பாளர். இப்படி நூலின் ஒவ்வொரு பகுதிக்கும் மாணவர் ஓர் அடையாளக் குறி இடுகிறார். குறி இட வேண்டுமானால் முதலில் முடிவெடுக்க வேண்டும், முடிவெடுக்க வேண்டுமானால் பொருள் விளங்க வேண்டும். கணினி வேலை என்று நினைத்து வந்தவர்கள் இந்த இடத்தில்தான் ஆராய்ச்சியாளர்களாக மாறுகிறார்கள்.

சில நூல்களைச் சொல்கிறேன். 1615இல் ஜோசப் ஸ்வெட்னம் என்பவர் பெண்களை இழித்து ஒரு நூல் எழுதினார். நன்றாக விற்றது. இரண்டு ஆண்டு கழித்து, 1617இல், ரேச்சல் ஸ்பெக்ட் என்ற இளம்பெண் அதற்கு மறுப்பு எழுதித் தம் சொந்தப் பெயரிலேயே வெளியிட்டார். எதிராளியின் வாதத்தை எடுத்துக் காட்டித்தானே மறுப்பு எழுத முடியும்? ஆகவே அவர் நூலுக்குள் ஸ்வெட்னமின் குரலும் ஒலிக்கிறது. எது ஸ்வெட்னம் சொன்னது, எது ஸ்பெக்ட் சொன்னது என்று குறித்து வைக்காவிட்டால், பெண்களைத் திட்டும் சொற்கள் ஸ்பெக்ட்டின் சொற்களாகத் தேடலில் வந்து நிற்கும்.

அடுத்து பிலிஸ் வீட்லி. 1761இல், ஏழெட்டு வயதில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பலில் பாஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டவர். பிலிஸ் என்பது அந்தக் கப்பலின் பெயர். வீட்லி என்பது அவரை விலைக்கு வாங்கிய குடும்பத்தின் பெயர். 1773இல் அவருடைய கவிதைத் தொகுப்பு லண்டனில் வெளிவந்தது. அமெரிக்காவின் கறுப்பினத்தவர் ஒருவர் வெளியிட்ட முதல் கவிதை நூல் அது. முன்பக்கங்களைப் பாருங்கள். சமர்ப்பணமும் முகவுரையும் கவிஞருடையவை. அடுத்து, எசமானர் ஜான் வீட்லியின் கடிதம். அதன்பின் பாஸ்டன் நகரத்துப் பெரியமனிதர்கள் 18 பேர் கையொப்பமிட்ட சான்று. மாகாண ஆளுநர் பெயரும் அதில் இருக்கிறது. இந்தக் கவிதைகளை இந்தப் பெண்தான் எழுதினார் என்று அவர்கள் உறுதி சொன்னால்தான் உலகம் நம்பும் என்பது அன்றைய நிலை. அந்தச் சான்றை நீக்கிவிட்டால் ஒரு பெண் என்னென்ன தடைகளைக் கடந்து அச்சுக்கு வந்தார் என்ற வரலாறு போய்விடும். பிரிக்காமல் கலந்து வைத்தால் 18 ஆண்களின் சொற்கள் அவர் சொற்களாகிவிடும். எதையும் விடாமல், இன்னது இன்னாருடையது என்று குறித்து வைப்பதுதான் மாணவர் செய்ய வேண்டியது.

1831இல் வெளியான மேரி பிரின்ஸின் வரலாறு இன்னும் சிக்கலானது. பெர்முடாத் தீவில் அடிமையாகப் பிறந்தவர் மேரி. லண்டனுக்கு வந்தபின் தம் கதையைச் சொன்னார். சுசானா ஸ்ட்ரிக்லண்ட் என்ற பெண் எழுதிக்கொண்டார். தாமஸ் பிரிங்கிள் பதிப்பித்து முன்னுரை, அடிக்குறிப்பு, பிற்சேர்க்கை என்று சேர்த்தார். சொன்னவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், பதிப்பித்தவர் ஒருவர். பிரிட்டனில் அச்சான கறுப்பினப் பெண்ணின் முதல் வாழ்க்கை வரலாறு இது. மேரியின் குரலைக் கேட்க வேண்டுமானால் மற்ற இருவரும் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிப் பொறுமையாகக் குறித்து வைத்ததன் பலன் என்ன? முன்னால் கேட்க முடியாத கேள்விகளை இப்போது கேட்கலாம். முந்நூறு ஆண்டுகளில் பெண்கள் யார் யாரைப் படித்தார்கள், யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று பல நூல்களை ஒருசேர வைத்துத் தேடலாம். இதற்காகவே நூல்களுக்கிடையே உள்ள உறவுகளைத் தேடும் ஒரு கிளைத்திட்டம் அங்கே நடந்தது. அக்காலத்து இதழ்களில் இந்த நூல்களுக்கு வந்த மதிப்புரைகளையும் தனியே தொகுத்திருக்கிறார்கள். வெளிவந்த நாளில் பெண் எழுத்துக்கு மரியாதை கிடைத்ததா, ஏளனம் கிடைத்ததா என்று ஊகம் செய்யத் தேவையில்லை, படித்தே தெரிந்துகொள்ளலாம். 1671இல் ஜேன் ஷார்ப் என்ற மருத்துவச்சி பேறுகாலம் பற்றி எழுதிய கையேடும் தொகுப்பில் இருக்கிறது. கவிதையும் நாவலும் மட்டுமே எழுத்து என்ற எண்ணத்தை அதுவே மாற்றிவிடும்.

மின்னாக்கத்துக்கு எட்டாத இழப்பும் உண்டு. பிலிஸ் வீட்லி 1779இல் இரண்டாவது தொகுப்புக்கு முன்பதிவு கேட்டு அறிவிப்பு வெளியிட்டார். ஆதரவு கிடைக்கவில்லை. 1784இல் அவர் இறந்தார். அந்தத் தொகுப்பின் கையெழுத்துப் படி தொலைந்துபோயிற்று. அச்சேறாதது அழிந்தது. அச்சேறியதை நாம் கவனிக்காமல் விட்டால் அதுவும் அழியும்.

நேயர்களே, இது தொலைதூரத்து ஆங்கில நூல்களின் கதை மட்டும் அல்ல. வை.மு. கோதைநாயகி அம்மாள் தம் முதல் படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தை வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள்தான் எழுதினார். அதே கோதைநாயகி 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி நூறுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகத்தின் ‘காதலா? கடமையா?’ 1938இல் வந்தபோது அதற்கு முன்னுரை தந்தவர் உ.வே. சாமிநாதையர். சொன்னவர், எழுதியவர், முன்னுரை தந்தவர் என்ற அதே கேள்விகள் நம் அலமாரியிலும் இருக்கின்றன.

நம்மிடம் நூல்களின் படங்கள் நிறையவே சேர்ந்திருக்கின்றன. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்து நூல்களுக்காக நூலகம் நிறுவனமும் செய்திருக்கும் பணிக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். படம் எடுத்தது முதல் பாதி. அந்தப் படத்தைத் தேடக்கூடிய, நம்பக்கூடிய எழுத்தாக மாற்றுவது அடுத்த பாதி. அதற்குப் பெரிய கட்டடமோ விலை உயர்ந்த கருவியோ வேண்டாம். டிஇஐ வழிகாட்டி முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு சாதாரணக் கணினி போதும். வேண்டியவர்கள் மாணவர்கள்.

நம் கல்லூரிகளில் முதுகலைத் தமிழ் மாணவர்கள் ஆண்டுதோறும் ஓர் ஆய்வேடு எழுதுகிறார்கள். பலர் முன்பே பலமுறை ஆராயப்பட்ட நூலையே மறுபடியும் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பதிலாக, ஒரு மாணவருக்கு ஒரு நூல் என்று கொடுத்துப் பார்க்கலாம். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய, மறுபதிப்புக் காணாத, ஒரு பெண் எழுதிய நூல். உரிமை யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு அந்த மாணவர் அதைத் தட்டச்சு செய்யட்டும். இன்னொருவர் மெய்ப்புப் பார்க்கட்டும். முன்னுரை யாருடையது, அர்ப்பணிப்பு யாருக்கு, முகப்பில் ஆசிரியர் பெயர் எப்படி இருக்கிறது, ‘இன்னாரின் மனைவி’ என்றா, சொந்தப் பெயரிலா என்பதையெல்லாம் குறிக்கட்டும். ஆண்டு முடிவில் அது மதிப்பெண் பெற்ற ஆய்வேடாகவும் இருக்கும், யாரும் தேடிப் படிக்கக்கூடிய நூலாகவும் இருக்கும். துறைத் தலைவர்களும் நூலகர்களும் மனம் வைத்தால் வரும் கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நூல் இருக்கக்கூடும். பாட்டி எழுதி அச்சிட்ட கும்மிப்பாட்டு, பெரியம்மா எழுதிய சமையல் கையேடு, பழைய மாத இதழ்களின் கட்டு. எடைக்குப் போடுவதற்கு முன்னால் அருகிலுள்ள நூலகத்துக்கோ கல்லூரித் தமிழ்த் துறைக்கோ ஒரு தகவல் கொடுங்கள். அதை எழுத்தெழுத்தாகப் படிக்க ஒரு மாணவர் கிடைப்பார்.