அந்திக்கு முன் ஒரு வேளை
(அட்சய திருதியை விழாவில் நிகழ்த்திய உரை)



அட்சய திருதியை என்றதும் நகைக்கடை விளம்பரம் கண்முன் வரும் காலம் இது. சமணர்க்கோ அது ஆகார தானத்தின் நாள். ஆதிபகவன் ஆறு திங்கள் நோன்பு முடித்துச் சரியைக்கு எழுந்தருளியபோது மக்கள் யானையும் குதிரையும் பொன்னும் மணியும் கொண்டுவந்து நீட்டினர். அவர்கள் அன்பில் குறையில்லை; துறவிக்கு வேண்டுவது எது என்னும் அறிவுதான் இல்லை. அத்தினாபுரத்துச் சிரேயாம்சன் ஒருவனே முற்பிறப்பின் நினைவால் முறையறிந்து, கரும்பின் சாற்றை அவர் கைகளில் வார்த்தான். ஸ்ரீபுராணம் கேட்டு வளர்ந்த குடும்பங்களுக்கு இக்கதை புதிதன்று. (நீரிழிவு உள்ள பெரியவர்கள் இன்று அந்தப் பிரசாதத்தை ஒரு துளியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.)

பெற்றோர்க்குப் பட்டும் தொலைக்காட்சியும் வாங்கித் தரும் பிள்ளைகள் இன்றும் பலர். அந்திக்கு முன் மென்மையாக வெந்த ஓர் உணவு அவர்கள் முன் வைக்கப்படுகிறதா என்பதே கேள்வி.

வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களில் உழவு செய்த நயினார் குடும்பங்களின் பிள்ளைகள் தொழிற்சாலைகளை நாடி நகர்ந்தனர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியும் திருவள்ளூர்ச் சாலையோரங்களிலும் இன்று வாடகை வீட்டில் வாழும் குடும்பங்களின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். மகனுக்கு இரண்டு மணி ஷிப்டு; வீடு திரும்ப இரவு பத்தைக் கடந்துவிடும். மருமகளும் வேலைக்குச் சென்றால் மாலை ஆறரைக்கு முன் அடுப்பு எரிவதில்லை. கார்த்திகையிலோ 5.40 மணியளவிலேயே கதிரவன் மறைந்துவிடுகிறான். இரவுணவை விலக்கிய தாய், ‘இன்று பசியில்லை’ என்கிறார்; மறுநாள், ‘இன்று சதுர்த்தசி’ என்கிறார். தான் ஒருத்திக்காக மற்றவர் சிரமப்பட வேண்டாம் என்னும் கூச்சம் விரதத்தின் பெயரை அணிந்துகொள்கிறது. அது நோன்பன்று. சல்லேகனையைக் காட்டி இதற்கு அமைதி கூறுவோரும் உண்டு. சமந்தபத்திரர் சொன்ன சல்லேகனை, உணர்ந்து தெளிந்து மேற்கொள்ளும் இறுதி விரதம். கவனிப்பாரின்றி உடல் மெலிவது வேறு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் அறுபது வயது கடந்தோர் 10.4 விழுக்காடு, 2021-க்கு மதிப்பிடப்பட்ட அளவு 13.6. ஜப்பானில் 65 வயது கடந்தோரே நூற்றுக்கு 29 பேர் அளவில் உள்ளனர். எண்பது வயதிலும் இருபது பற்கள் இருக்க வேண்டும் என்று அந்நாடு 1989-இல் ஓர் இயக்கமே தொடங்கியது. பல் போனால் பருப்பும் காயும் இலையிலேயே தங்கிவிடும். குழைந்த சோறும் ரசமும் மட்டும் உள்ளே போகும். தசை கரைவது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதியோர்க்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் அளவாவது புரதம் வேண்டும் என்பது வல்லுநர் கருத்து. ஐம்பது கிலோ எடையுள்ள பாட்டிக்கு ஐம்பது கிராம். ஐம்பது கிராம் பாசிப்பருப்பில் பன்னிரண்டு, அரை லிட்டர் பால் தயிரில் பதினாறு, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் ஆறு, எஞ்சியது சோற்றிலும் இட்லியிலும் என்று சமண அடுக்களையிலேயே கணக்கு நேராகிவிடும். துவிதளம் விலக்குவோர் பருப்பை நண்பகலிலும் தயிரைக் காலையிலும் வைத்துக்கொள்ளலாம். சுண்டலை மசித்துத் தருவதில் தவறில்லை. கேழ்வரகுக் கூழ் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தைத் தரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்க்கு மட்டும் புரத அளவை மருத்துவரே சொல்ல வேண்டும்.

பி12 பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. தாவர உணவில் இயல்பாக அது கிடைப்பதில்லை. பாலும் தயிருமே சமணர்க்கு வழி. வயது ஏற ஏற இரைப்பையில் அமிலம் குறைவதால் உண்டதும் முழுமையாகச் சேர்வதில்லை. நீரிழிவுக்கு நெடுநாள் மெட்பார்மின் உட்கொள்வோர்க்கு மேலும் குறையும். கால் மரத்துப்போதல், தள்ளாட்டம், மறதி ஆகியவற்றை ‘வயதாகிவிட்டது’ என்று ஒதுக்கிவிடாமல் ஓர் இரத்தப் பரிசோதனை செய்வது நன்று. மருந்துக் கூடுகள் பெரும்பாலும் விலங்கு ஜெலட்டினால் ஆனவை என்பதறிந்து அவற்றை மறுக்கும் பெரியவர்கள் உள்ளனர். அவர்கள் மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் பி12 நுண்ணுயிர் நொதித்தலால் ஆக்கப்படுவது. மாத்திரையாகவும் ஊசியாகவும் கிடைக்கிறது. வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு உரோமக் கொழுப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. அதை விரும்பாதோர் டி2 கேட்கலாம். சித்த மருந்தைத் தேனில் குழைக்கச் சொன்னால், வெந்நீரில் தர இயலுமா என்று வைத்தியரிடம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

அந்திக்குப் பின் நீரும் அருந்தாதோர் உதயத்திற்குப் பின்னும் அத்தமனத்திற்கு முன்னும் இரண்டிரண்டு நாழிகை விட்டால், இடைவெளி பதினான்கு மணி நேரமாகிறது. முதுமையில் தாகம் உணரும் ஆற்றல் மங்கும். எனவே வடிகட்டிக் காய்ச்சிய நீரைப் பகலிலேயே ஒரு செம்பில் அளந்து வைத்து, மாலைக்குள் அது தீர்ந்ததா என்று பார்க்க வேண்டும். இன்சுலின் அல்லது சர்க்கரையை வேகமாகக் குறைக்கும் மாத்திரை எடுப்போர் தம் விரத நேரத்தை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொன்னால், அளவையும் வேளையையும் அவர் மாற்றித் தருவார். நள்ளிரவில் வியர்வையும் நடுக்கமும் கண்டால் உடனே சர்க்கரை தந்தே ஆக வேண்டும். அவ்வேளையில் விரதம் முறிந்ததாகக் கொள்ள வேண்டாம் என்று பெரியவரிடம் முன்கூட்டியே பேசி வைப்பது குடும்பத்தின் கடமை.

ஷிப்டுக்குப் போகுமுன் மகனே நண்பகலில் பொங்கலோ பருப்புச் சாதமோ ஆக்கி ஹாட்பாக்சில் வைத்துவிட்டுச் செல்லலாம். ஆண்கள் அடுப்படிக்குப் போவதால் தருமம் குறையாது. ஒரே தெருவில் மூன்று நான்கு வீடுகள் இருப்பின், முறை வைத்து ஒரு வீட்டில் மாலை ஐந்து மணிக்குப் பெரியவர்கள் ஒன்றாய் அமர்ந்து உண்ணலாம். புழல் ஆதிநாதர் கோயிலுக்கு ஞாயிறுதோறும் வரும் குடும்பங்கள், யார் வீட்டில் எந்தக் கிழமை என்பதை அங்கேயே பேசி முடித்துக்கொள்ளலாம்.