மருந்தும் சட்டத்தரணியும்



மீனின் செவுளைப் பார்த்தே அதன் தரத்தைக் கூறிவிடுவர் எங்கள் உச்சமுனைத் தாய்மார். ஆயின், கடல் கடந்து வரும் மாத்திரையைப் பார்த்து அவர் யாது அறிவர்? அவர் பொருட்டு அதனைச் சோதிப்பது அரசின் கடன். அதற்கு வலிமை தருவது சட்டம்.

1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கச் சட்டம் உணவுக்கும், 27 ஆம் இலக்கச் சட்டம் மருந்து, மருத்துவச் சாதனம், அழகுப்பொருள் ஆகியவற்றுக்கும் வரம்பு வகுத்தன. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை தோன்றியது. பதிவு பெறாத மருந்தை இறக்குமதி செய்தலாகாது என்பது பொதுவிதி. உயிர்காக்கவும் கொள்ளைநோயைத் தடுக்கவும் விதிவிலக்கு உண்டு.

அவ்விலக்கு ஒரு கதவு போன்றது. இறுகப் பூட்டினால் நோயாளி மாள்வான். அகலத் திறந்துவிட்டால் போலி மருந்து நுழையும். எவ்வளவு திறப்பது என்பதைச் சொல்லெண்ணி வரையறுப்பவர் சட்டத்தரணியே. ஒரு களிம்பு மருந்தா, அழகுப்பொருளா என்று வழக்கு எழுந்தாலும் மருத்துவ அறிவோடு மொழித் தெளிவும் வேண்டும்.

கலைப்பிரிவு மாணவர்களே, சட்டம் பயில்வோர்க்கு நீதிமன்றம் ஒன்றே களமன்று. முகமறியா நோயாளியைக் காக்கும் இத்துறையும் உங்களுக்கு உரியதே.