காலனும் லிட்டரும்



விடையின் இறுதியில் அலகை எழுத மறந்த மாணவனுக்கு அரை மதிப்பெண் குறைத்து வந்தவன் நான். ஆசிரியப் பணியில் இருந்த காலம் முழுவதும் இவ்வழக்கத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்டேன். அத்தகைய நானே ஓர் அலகைக் கவனியாது ஒரு செடியைச் சாகும் நிலைக்குக் கொண்டு சென்றேன்.

2018ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் வாழும் என் மகளின் இல்லத்தில் தங்கியிருந்தேன். அவள் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி வளர்த்து வந்தாள். அந்நாட்டுக் குளிர் அதற்கு ஆகாது. ஆதலால் பனிக்காலம் முழுவதும் சன்னலோரத்தில் வைத்தும், கோடையில் வெளியே எடுத்தும் நான்கு ஆண்டுகள் அதைப் பேணி வந்தாள். அவள் அலுவலகம் செல்லும் நாள்களில் அதற்கு உரமிடும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

திரவ உரப் புட்டியின்மீது, ஒரு காலன் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி என்று அச்சிட்டிருந்தது. காலன் என்று தமிழில் எழுதினால் எமனையும் குறிக்கும். அப்பொருத்தம் எனக்குப் பின்னரே விளங்கிற்று. சிறுவயது முதல் லிட்டரிலேயே பழகிய கை, லிட்டர்க் குவளையை எடுத்தது. வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் ஊற்றினேன். இலைகளின் ஓரம் கருகிற்று. பிறகு ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கின.

மாலையில் மகளும் நானும் காகிதமும் எழுதுகோலுமாக அமர்ந்தோம். அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர். அதில் 4 குவார்ட்டு, 8 பைண்டு, 128 திரவ அவுன்சு அடங்கும். ஓர் அவுன்சு 29.57 மில்லிலிட்டர். மேசைக்கரண்டி அதில் பாதி, அதாவது ஏறத்தாழ 14.8 மில்லிலிட்டர். தேக்கரண்டி அதிலும் மூன்றில் ஒன்று. 14.8ஐ 3.785ஆல் வகுத்தால் 3.9 வருகிறது. லிட்டருக்கு 4 மில்லிலிட்டர் இட வேண்டிய இடத்தில் நான் 15 இட்டிருக்கிறேன்! மண்ணிலுள்ள நீரில் உப்பு மிகுந்தால் வேரால் அந்நீரை உறிஞ்ச இயலாது. தொட்டி ஈரமாகவே இருக்கும். செடியோ தாகத்தால் வாடும்.

இங்கே மற்றொரு பள்ளமும் உண்டு. காலன் என்னும் பெயர் ஒன்று, பாத்திரம் இரண்டு. அரசி ஆன் காலத்தில், 1707இல் இங்கிலாந்தில் சட்டமாக்கப்பட்ட 231 கன அங்குல மதுக் காலனையே அமெரிக்கர் கைக்கொண்டனர். பிரிட்டனோ 1824இல் பழையவற்றை நீக்கி, பத்து இராத்தல் நீர் கொள்ளும் புதிய காலனை ஏற்படுத்தியது. அது 4.546 லிட்டர். அவர்கள் பைண்டில் 20 அவுன்சு. அமெரிக்கர் பைண்டில் 16. நம் பாட்டனார் காலத்தில் ஊருக்கு ஒரு படி வழங்கிற்று என்று நாம் நகைப்பதுண்டு. நகைக்கும் உரிமை நமக்கு மட்டும் உரியதன்று. ஆகவே பழைய ஆங்கிலத் தோட்ட நூலையும் அமெரிக்கப் புட்டியையும் ஒரே வாய்பாட்டால் மாற்றலாகாது. தூள் உரமாயின் திரவ அவுன்சு பயன்படாது; எடை அவுன்சு 28.35 கிராம்.

புட்டியில் காலனுக்கு ஓர் அவுன்சு என்றிருந்தால் இன்னும் எளிது. அமெரிக்கக் கணக்கில் அது 128இல் ஒரு பங்கு. ஒரு லிட்டரை, அதாவது 1000 மில்லிலிட்டரை, 128ஆல் வகுத்தால் 7.8. நம் 10 லிட்டர் பூவாளிக்கு 78 மில்லிலிட்டர். காலன் எத்தனை லிட்டர் என்பதை நினைவில் வைக்கவே தேவையில்லை. வகுப்பறையில் விகிதத்தைக் கற்பித்தபோது வட்டியையும் கூட்டு வாணிகத்தையுமே உதாரணம் காட்டினேன். ஒரு பூவாளியைக் காட்டியிருக்கலாம்.

தொட்டியின் அடித்துளை வழியே தாராளமாக வடியும்வரை வெறும் நீரை மீண்டும் மீண்டும் ஊற்றி உப்பைக் கழுவினோம். உரத்தை அறவே நிறுத்தினோம். மகள் சினந்தாளில்லை. "அரை மதிப்பெண்தானே, அப்பா" என்றாள். அச்சொல் எனக்குச் சுட்டது. பல நாள்கள் அந்த மொட்டைத் தண்டைக் காலையில் முதல் வேலையாகப் பார்த்து வந்தேன். நான் விமானம் ஏற வேண்டிய வாரத்தில் அதன் அடிப்பகுதியில் ஒரு பச்சைத் துளிர் தென்பட்டது. புறப்படுமுன், 'லிட்டருக்கு 4 மி.லி.' என்று அலகுடன் ஒரு சீட்டெழுதி அப்புட்டியில் ஒட்டிவிட்டு வந்தேன்.