மண்ணை அளக்கிறார்கள், கூலியை அளப்பவர் யார்?

(வரிப்பத்தான்சேனையில் ஆற்றிய உரை)



1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோது, இங்கினியாகலை அணையைக் கட்டும் பணி மொறிசன் நுட்சன் என்னும் அமெரிக்கக் கொந்தராத்துக் கம்பனியிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்றும் அரசாங்கக் கட்டுவேலை என்றால் பெரும்பாலும் கொந்தராத்து வேலையே. பணம் அரசாங்கத்தினுடையது, ஆளை அமர்த்துபவர் வேறொருவர். நடுவேயுள்ள இடைவெளியைப் பற்றியே பேச வந்துள்ளோம்.

வாய்க்கால் திருத்த வேலையொன்றை எடுத்துக்கொள்வோம். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வருகிறார். எத்தனை கியூப் மண் வெட்டப்பட்டது, கொங்கிறீற்றின் தடிப்பு என்ன என்று நாடா பிடித்துக் குறிக்கிறார். குறைந்தால் பில்லில் வெட்டு விழும். நல்லது; பொதுப்பணத்தைக் காப்பது அவர் கடமை. ஆனால், மண்ணை வெட்டிய தொழிலாளிக்குக் கூலி முழுதாகக் கிடைத்ததா என்று அந்த நாடா கேட்பதில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் சம்பளப் பதிவேடு வைக்கச் சொல்கிறது. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி இன்று முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்தவேண்டும். நாட்கூலி, தற்காலிகம் என்று சொல்லித் தப்ப இயலாது. பதிவேட்டைப் பார்க்கும் அதிகாரம் தொழில் உத்தியோகத்தருக்கு உண்டு. அவர் வருவதெப்போது? பெரும்பாலும் முறைப்பாடு போன பின்னரே. முறைப்பாடு செய்தவருக்கு அடுத்த கொந்தராத்தில் வேலை ஏது?

அரசாங்க ஒப்பந்தக்காரர் நியாயக் கூலி கொடுக்கவேண்டுமெனப் பிரித்தானியப் பொதுமக்கள் சபை 1891 இலேயே தீர்மானித்தது. இந்தியா 1970 இல் இயற்றிய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. கூலி வழங்கும்போது, வேலையைக் கொடுத்தவரின் பிரதிநிதி நேரில் நிற்கவேண்டும். ஒப்பந்தக்காரர் கொடாவிடில் வேலை கொடுத்தவரே கொடுத்து, அவரிடம் அறவிடலாம் என்றது.

நாம் கேட்பது அதனிலும் எளிது. பில்லை அனுமதிக்குமுன், அளவுப் புத்தகத்தோடு சம்பளப் பதிவேடும் சேமலாப நிதிப் பற்றுச்சீட்டும் மேசைக்கு வரட்டும். கையொப்பமிடும் உத்தியோகத்தர் இரண்டுக்கும் பொறுப்பேற்கட்டும். "அது வேறு திணைக்களத்தின் வேலை" என்பார்கள். சீமெந்துப் பைகளை எண்ணுபவருக்கு ஆட்களை எண்ணுவது அத்தனை பாரமா? பில் பிந்துவதால் கூலியும் பிந்துகிறது என்று கொந்தராத்துக்காரர் சொல்வதில் ஓரளவு நியாயமுண்டு. அதற்காகச் சேமலாப நிதியை விழுங்குவதில் நியாயமில்லை.

விவசாயத் தோழர்களே, சிறு வாய்க்கால் வேலைகள் விவசாய அமைப்புகளுக்கே கிடைப்பதுண்டு. அப்போது கொந்தராத்துக்காரர் நாமே! அடுத்த போகத்துக்கு முன் அப்படியொரு வேலை கிடைக்குமாயின், முதற் பில்லுக்கு முன்னரே நமது பதிவேட்டை, வேலை செய்தவர்கள் எவரும் வந்து பார்க்கும்படி திறந்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.